வீட்டுக் கத்திக்கு எந்தச் சாணைக் கருவி? கோணம் பிடித்துத் தரும் கருவிகளின் ஒப்பீடும் தீட்டும் முறையும்

கிளாம்ப் வைத்த சாணைக் கருவி ஒன்றை முதன்முதலாக வாங்கிய அன்று, பெட்டியில் இருந்த கற்கள் அத்தனையையும் வரிசையாகப் போட்டு முக்கால் மணி நேரம் தேய்த்தேன். கத்தியின் வாயோரம் கண்ணாடி மாதிரி மின்னியது. பெருமையோடு ஒரு தாளை எடுத்து வெட்டிப் பார்த்தேன். வெட்டவில்லை. தாள் மடங்கிக்கொண்டது, கத்தி வழுக்கிக்கொண்டு போனது. கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கத்தியில் ஏற்கெனவே இருந்த சரிவு, அதாவது வாயோரம் சாய்வாகத் தீட்டிய பட்டை, பக்கத்துக்கு ஏறக்குறைய 22 டிகிரி. நான் வைத்தது 17. முக்கால் மணி நேரமும் கல் சரிவின் மேல்தோளை, சரிவு தொடங்கும் ஓரத்தைத்தான், மெருகேற்றிக்கொண்டிருந்தது. வெட்டுகிற விளிம்பை அது தொடவே இல்லை.

கோணத்தை மாறாமல் பிடித்துக்கொள்வது கருவியின் வேலை. கல் விளிம்பைத் தொட்டதா, பிசிறு (விளிம்பில் நூலிழை போல் மடங்கி எழும் இரும்பு) எழுந்ததா என்று பார்ப்பது நம்முடைய வேலை. எந்த விலைக்கு வாங்கினாலும் இந்த வேலைப் பிரிவினை மாறாது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே ஒவ்வொரு வகையையும் ஒப்பிட்டிருக்கிறேன்.

முதலில் கோணக் கணக்கு

கத்தியின் கோணத்தை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு பக்கச் சரிவு எத்தனை டிகிரி என்பது ஒன்று. இரண்டு பக்கமும் சேர்ந்து எத்தனை என்பது இன்னொன்று. ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர் என்ற சாணைக் கருவியில் 30, 40 என்று இருக்கும். அது மொத்தக் கோணம். லேன்ஸ்கி என்ற கருவியில் 17, 20, 25, 30 என்று இருக்கும். அது ஒரு பக்கத்துக்கு. ஆக, அதன் 40-உம் இதன் 20-உம் ஒன்றுதான். இதைக் கவனிக்காமல் லேன்ஸ்கியில் 30-ஐ வைத்துச் சமையலறைக் கத்தியைத் தீட்டினால் கோடரி வாய்தான் மிஞ்சும். இனிமேல் இங்கே நான் டிகிரி என்று எழுதுவதெல்லாம் ஒரு பக்கத்துக்கு.

அரை சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் உள்ள வழக்கமான ஐரோப்பிய வகைத் துருப்பிடிக்காத எஃகுக் கத்தியின் கடினம் ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை இருக்கும். அதற்கு 17 முதல் 20 டிகிரி பொருந்தும். விஜி-10 போன்ற ஜப்பானிய எஃகு 60-ஐத் தொடும். அது 15-ஐத் தாங்கும். எலும்பு வெட்டும் கனத்த கத்திக்கு 25 வைத்தால் தப்பில்லை.

கோணத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சரிவு தொடங்கும் இடத்தில் கத்தியின் கனம் 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் ஒரு பக்கச் சரிவின் அகலம் ஏறக்குறைய 0.6 மி.மீ. வரும். 15 டிகிரிக்கு மாற்றினால் 0.8 மி.மீ. சொல்லும்போது சின்ன வித்தியாசம். ஆனால் கத்தியின் முழு நீளத்துக்கும், இரண்டு பக்கமும், அந்த இரும்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். முதல் முறை ஒரு மணி நேரம் போவது இதனால்தான்.

17-ஆ 18-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த முறையும் அதே கோணத்துக்குத் திரும்பி வர முடிகிறதா என்பதுதான் கேள்வி. திரும்பி வர முடிந்தால் அடுத்த முறை ஐந்து நிமிட வேலை. முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதுச் சரிவு போடுகிறோம். கத்தி தேய்ந்துகொண்டே போகும்.

கருவி வகைகள்

இழுத்துத் தீட்டும் வி-வடிவப் பள்ளம் உள்ள கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இரண்டு கார்பைடு துண்டுகள் குறுக்காக நிற்கும். நடுவில் கத்தியை இழுக்கிறோம். அது இரும்பைத் தேய்ப்பதில்லை, சுரண்டுகிறது. விளிம்பு கிழிந்த மாதிரி இருக்கும். தக்காளித் தோலில் இரண்டு நாள் நன்றாக இறங்கும், மூன்றாம் நாள் மழுங்கும். கைப்பிடிப் பக்கம் ஒவ்வொரு முறையும் அதிகமாக அழுந்துவதால் நாளடைவில் அங்கே ஒரு குழி விழுந்து, வெட்டும் பலகையில் கத்தி முழுதாகப் படியாது. மலிவான, எப்படியும் மாற்றப்போகிற கத்திக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

செராமிக் குச்சிகளை வி-வடிவில் செருகும் கருவிக்கு நல்ல எடுத்துக்காட்டு ஷார்ப்மேக்கர். அடிப்பெட்டியில் துளைகள் இருக்கும், முக்கோணக் குச்சிகள் அதில் சாய்ந்து நிற்கும். நாம் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, தொட்டியின் சுவரைச் சீவுவது மாதிரி மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். செங்குத்து என்பது கண்ணுக்கு எளிதில் பிடிபடுகிற கோணம். கல்லில் 17 டிகிரியைக் கையால் பிடிப்பதை விட இது எவ்வளவோ சுலபம். பழுப்புக் குச்சி நடுத்தரம், வெள்ளை நயம். ஒவ்வொரு குச்சியிலும் முதலில் முக்கோண விளிம்பு, பிறகு தட்டைப் பக்கம். ரம்பப் பல் வைத்த கத்தியையும் அந்த விளிம்பில் தீட்டலாம். கிளாம்ப் கருவிகளில் அது பெரும்பாடு. குறை என்னவென்றால், அதன் கோணம் உங்கள் கத்தியின் கோணத்தை விடக் குறைவாக இருந்தால் பழுப்புக் குச்சியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இழுக்க வேண்டியிருக்கும். தனியாக வரும் வைரக் குச்சி வேண்டும். ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ள கத்தியைப் பராமரிக்க இதை விடக் குறைந்த தொந்தரவு உள்ள கருவியை நான் பார்த்ததில்லை. எடுத்துச் செருகி, இருபது இழுப்பு, கழுவி வைத்துவிடலாம்.

அடுத்தது கிளாம்பும் கம்பியும். இந்தக் கட்டுரைக்கு வந்தவர்களில் பலர் இதைத்தான் தேடி வந்திருப்பீர்கள். லேன்ஸ்கி, கேஎம்இ, வொர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட், விக்கட் எட்ஜ் எல்லாம் இந்தக் குடும்பம். கத்தியின் முதுகைக் கிளாம்ப் கவ்வும். கல் ஒரு கம்பியில் மாட்டியிருக்கும். அந்தக் கம்பி ஒரு துளை வழியாகவோ பந்துகிண்ண மூட்டு வழியாகவோ போய்வரும். துளையின் உயரம் கோணத்தைத் தீர்மானிக்கும்.

லேன்ஸ்கி எளிமையானது, நாலு கோணத்துக்கு நாலு துளை, அவ்வளவுதான். சின்ன மடக்குக் கத்திக்கு நன்றாக இருக்கும். 20 செ.மீ. நீளமுள்ள சமையலறைக் கத்தியைக் கவ்வினால் இரண்டு முனையும் ஆடும், இரண்டு இடத்தில் மாற்றி மாற்றிக் கவ்வ வேண்டி வரும். பிரிசிஷன் அட்ஜஸ்டில் 15 முதல் 30 வரை ஒவ்வொரு டிகிரியாகத் திருகி வைக்கலாம். ஒரே கம்பியில் 320 வைரம், 600 வைரம், நயமான செராமிக் என்று மூன்று முகம். இந்த எண்கள் கிரிட், அதாவது கல்லின் சொரசொரப்பு அளவு; எண் கூடக் கூடக் கல் நயம். கல் மாற்ற வேண்டியதில்லை, சுழற்றினால் போதும். கேஎம்இ-யில் கிளாம்ப் தன் அச்சிலேயே சுழலும், கத்தியைக் கழற்றாமலே மறுபக்கம் திருப்பலாம். விக்கட் எட்ஜில் கத்தி வாய் மேலே பார்க்க நிற்கும், இரண்டு பக்கமும் கல் மாட்டிய இரண்டு கை. இடம், வலம் என்று மாற்றி மாற்றித் தேய்க்கலாம் என்பதால் வேகம் அதிகம், இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேயும். கனமான கருவி, மேசையில் நிரந்தரமாக ஓர் இடம் கேட்கும்.

எட்ஜ் புரோ ஏபெக்ஸ் தனி ரகம். கம்பியும் கல்லும் உண்டு, கிளாம்ப் கிடையாது. சாய்வான மேடையில் கத்தியைப் படுக்கவைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கல்லை ஓட்ட வேண்டும். நீளமான கத்தியை நகர்த்தி நகர்த்தித் தீட்டலாம், இத்தனை நீளம்தான் என்ற வரம்பில்லை. ஆனால் பிடித்திருக்கும் கை கொஞ்சம் தூக்கினாலும் கோணம் கெடும். கிளாம்பின் நிம்மதியும் இல்லாமல், வெறுங்கல்லின் சுதந்திரமும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று சிலர் சொல்வார்கள். பழகியவர்களோ அதை விட்டு இறங்க மாட்டார்கள்.

உருட்டும் சாணையைப் பிரபலமாக்கியது ஜெர்மனியின் ஹோர்ல். ஒரு காந்தக் கட்டை கத்தியைப் பிடித்திருக்கும். அதன் ஒரு முகம் 15 டிகிரி, இன்னொன்று 20. வைரத் தட்டு பதித்த உருளையை மேசையில் முன்னும் பின்னும் உருட்டினால் போதும். பார்க்க அழகு, கற்றுக்கொள்ள எதுவுமில்லை. வீட்டில் வேறு யாருக்காவது கொடுத்து 'நீயே தீட்டிக்கொள்' என்று சொல்லக்கூடிய ஒரே கருவி இதுதான். கைப்பிடி அருகே கடைசி சில மில்லிமீட்டர் உருளைக்கு எட்டாமல் போகலாம். உலோகத் தடிப்பு வாய் வரை இறங்கி நிற்கும் கத்தியில் இது கண்கூடாகத் தெரியும். மேசை சமமாக இல்லாவிட்டால் கோணமும் சமமாக இருக்காது. பெட்டியோடு சில கிரிட்தான் வரும். விளிம்பு உடைந்த கத்தியைச் சரிசெய்ய நேரம் பிடிக்கும்.

மோட்டார் வைத்தவை இரண்டு விதம். ஷெஃப்ஸ் சாய்ஸ் டிரைசர் போல 15 டிகிரியில் பூட்டிய பள்ளங்கள் உள்ளவை வேகமானவை. இரும்பையும் அதே வேகத்தில் தின்னும். ஸ்வீடனின் டார்மெக் தண்ணீரில் மெதுவாகச் சுழலும் பெரிய கல். டி-8 மாடலில் கல்லின் விட்டம் 250 மி.மீ. தண்ணீர் இருப்பதால் விளிம்பு சூடேறிப் பதம் கெடாது. தச்சுப் பட்டறை வைத்திருப்பவருக்கு உளியோடு சேர்த்துக் கத்தியும் ஆயிற்று. மூன்று கத்தி உள்ள வீட்டுக்கு இது கொசுவுக்குப் பீரங்கி.

சரி, எதை வாங்குவது?

என் தீர்ப்பு இதுதான். கத்தி ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கிறது, மாதம் ஒருமுறை சரிபார்த்தால் போதும் என்றால் செராமிக் குச்சி. பல வருடமாக மழுங்கிக் கிடக்கும் கத்திகள், கோணமே தெரியாது, ஒருமுறை அடியிலிருந்து சரிசெய்ய வேண்டும் என்றால் டிகிரி டிகிரியாக மாற்றக்கூடிய கிளாம்ப் கருவி. தீட்டுவதில் ஆர்வமே இல்லை, வேலை முடிந்தால் சரி என்றால் உருளை. மெருகிலும் நுட்பத்திலும் ஆசை வந்துவிட்டவருக்கு இரண்டு கை வைத்த கருவி; அவருக்கு என் அறிவுரை தேவைப்படாது.

ஒரு பக்கம் மட்டும் சரிவு உள்ள ஜப்பானியக் கத்தி வைத்திருப்பவர்கள் இவற்றில் எதையும் வாங்க வேண்டாம். அதன் தட்டைப் பக்கத்தில் இன்னொரு சரிவைப் போட்டு வைத்துவிடுவீர்கள். அதற்குக் கல்லும் கையும்தான்.

கிளாம்பை எங்கே மாட்டுவது

கையேடுகள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. பாதிப் பிரச்சினை இங்கிருந்துதான் வருகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கம்பியின் மூட்டு, கத்தியின் தளத்திலிருந்து 40 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, கத்தியின் வாய் மூட்டுக்கு நேர் கீழேயுள்ள புள்ளியிலிருந்து 110 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40-ஐ 110-ஆல் வகுத்தால் வருவது கோணத்தின் டேன்ஜென்ட். கோணம் 20 டிகிரி. இப்போது அதே கிளாம்பில் முந்தையதை விட 20 மி.மீ. கூடுதல் அகலமுள்ள கத்தியை மாட்டுகிறீர்கள். வாய் 130 மி.மீ. தூரத்துக்குப் போய்விடும். கோணம் 17 ஆகிவிட்டது. கருவியில் எழுதியிருப்பது 20தான்! அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான். கைபேசியில் உள்ள கோணமானிச் செயலியையோ, சின்ன டிஜிட்டல் கோணமானியையோ கல்லின் மேல் வைத்து ஒருமுறை அளந்துவிட்டால் சந்தேகம் தீரும்.

இரண்டாவது, நுனி. கிளாம்பிலிருந்து தள்ளிப் போகப் போகக் கோணம் குறையும் என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. வாய் நேராக இருக்கும் பகுதியில் அது உண்மையில்லை. ஒரு நேர்கோட்டையும் மூட்டு என்ற ஒரு புள்ளியையும் சேர்த்தால் ஒரே ஒரு தளம்தான் கிடைக்கும். கல் அந்தத் தளத்திலேயே போய்வருகிறது, கோணம் மாற வழியில்லை. வாய் வளைந்து நுனிக்குப் போகும் இடத்தில்தான் மாறுகிறது. கிளாம்பை நுனியிலிருந்து வெகுதூரத்தில், கைப்பிடிப் பக்கமாக மாட்டினால் வளைவில் கோணம் குறைந்து, சரிவு அகலமாகிக்கொண்டே போகும். நுனிக்கு மிக அருகில் மாட்டினால் நேர் எதிராக, வளைவில் கோணம் கூடி, சரிவு ஒடுங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் சரிவு நுனி வரை ஒரே அகலத்தில் ஓடும். ஒவ்வொரு கத்திக்கும் அந்த இடம் வேறு. அதைக் கண்டுபிடிக்க உதவும் கருவி ஒரு மார்க்கர் பேனா.

மூன்றாவது, கல்லின் கனம். கல்லை மாற்றும்போது புதிய கல் 1 மி.மீ. கனமாக இருந்தால், மூட்டிலிருந்து 120 மி.மீ. தூரத்தில் கோணம் ஏறக்குறைய அரை டிகிரி குறையும். அரை டிகிரிதானே என்று விட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் நயமான கல் கனமாக இருந்தால் அது விளிம்பைத் தொடாமல் தோளில் ஓடும். என் முதல் நாள் கதைதான் மறுபடியும்.

கற்களைப் பற்றி இரண்டு வார்த்தை

நிறத்தை வைத்துக் கல்லை அடையாளம் காணாதீர்கள். லேன்ஸ்கியில் சிவப்பு என்றால் சொரசொரப்பான 120 கிரிட், நீலம் நயமான 600. டிஎம்டி நிறுவனத்தின் வைரக் கற்களில் நீலம்தான் சொரசொரப்பு, வைரத் துகளின் அளவு 45 மைக்ரான். சிவப்பு நயம், 25 மைக்ரான். இரண்டு நிறுவனத்தின் கல்லையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பவர் கண்ணை நம்பினால் கத்தி காலி.

வைரம் எல்லா எஃகையும் அறுக்கும். வனேடியம் அதிகமுள்ள எஃகில், எடுத்துக்காட்டாக 4 சதவீதம் வனேடியம் உள்ள எஸ்30வி-யில், வனேடியம் கார்பைடு துகள்கள் சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லை விடக் கடினமானவை. அங்கே வைரம் போட்டால்தான் வேலை நகரும். வழக்கமான சமையலறை எஃகுக்கு எந்தக் கல்லும் போதும். புது வைரத் தகடு முதல் சில முறை முரட்டுத்தனமாக அறுக்கும், பிறகு தணியும். நல்ல கத்தியில் அதைப் பழக்காதீர்கள்.

சமையலறைக் கத்தியை 600 அல்லது 1000 கிரிட்டில் நிறுத்திவிடலாம். கண்ணாடி மெருகு போட்டால் வழவழப்பான தோலில் வழுக்கும். கொஞ்சம் 'பல்' இருந்தால்தான் பிடித்துக்கொண்டு இறங்கும்.

இனி வேலை: கிளாம்ப் கருவியில் தீட்டும் முறை

படி 1. கத்தியைக் கழுவித் துடைத்து விளக்கின் கீழ் பிடியுங்கள். வாய் உங்கள் கண்ணைப் பார்க்கட்டும். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, அங்கே கறுப்பாகத்தான் இருக்கும். மழுங்கிய இடத்தில் மெல்லிய வெள்ளிக் கோடு மின்னும். உடைந்த இடத்தில் ஒரு பொட்டு மின்னும். எங்கெங்கே மின்னுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்தக் கோடு மறைந்திருக்க வேண்டும்.

படி 2. கிளாம்ப் கவ்வும் இடத்தில் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கீறலும் விழாது, வழுக்கவும் வழுக்காது. முதுகிலிருந்து வாய் வரை ஒரே சீராக மெலிந்துகொண்டே போகும் கத்தியில் கிளாம்புக்குப் பிடிமானம் குறைவு. அங்கே டேப்பை இரண்டு சுற்றாக ஒட்டலாம். மாட்டிய பிறகு நுனியைப் பிடித்து மேலும் கீழும் லேசாக அசைத்துப் பாருங்கள். கிளாம்புக்குள் ஆடினால் அவிழ்த்து மறுபடி மாட்டுங்கள். ஒருமுறை இதைச் சோம்பலில் விட்டேன். பாதி வேலையில் கத்தி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கண்டுபிடிக்கும்போது இடது சரிவு வலதைப் போல இரண்டு மடங்கு அகலம்.

படி 3. மார்க்கர் சோதனை. சரிவு முழுவதும், கைப்பிடி முதல் நுனி வரை, கறுப்பு மார்க்கரைப் பூசுங்கள். நயமான கல்லை எடுத்து அழுத்தாமல் நாலைந்து இடத்தில் ஒவ்வோர் இழுப்பு. மை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். தோள் பக்கம் மட்டும் போயிருந்தால் உங்கள் கோணம் குறைவு. விளிம்பில் மட்டும் போயிருந்தால் அதிகம். சரிவின் முழு அகலத்திலும் சீராகப் போயிருந்தால் பழைய கோணத்தைப் பிடித்துவிட்டீர்கள். நடுவில் சரியாக இருந்து நுனியில் மட்டும் தோளில் போகிறதென்றால் கிளாம்பை நுனிப் பக்கம் ஒன்றிரண்டு செ.மீ. நகர்த்துங்கள், நுனியில் விளிம்பில் மட்டும் போகிறதென்றால் கைப்பிடிப் பக்கம். துடைத்து, மறுபடி பூசி, மறுபடி பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் செலவழித்தால் பின்னால் ஒரு மணி நேரம் மிஞ்சும்.

பழைய கோணம் 20-க்குள் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 23, 24 என்று இருந்தால் குறைப்பது பயன் தரும். ஆனால் அது அடுத்த படியை நீளமாக்கும்.

படி 4. சொரசொரப்பான கல், ஒரு பக்கம் மட்டும். கத்தி நல்ல நிலையில் இருந்தால் 600-இல் தொடங்குங்கள். மழுங்கியிருந்தால் 300 சுற்றில். உடைந்திருந்தால் இன்னும் கீழே. விளிம்பிலிருந்து முதுகை நோக்கிக் கல் போகட்டும். அப்படிப் போகும்போது கல்லைப் பிடித்திருக்கும் விரல்களும் வாயை நோக்கித்தான் போகின்றன. கல்லின் பிடியில் தடுப்பு இருந்தால் விரல் அதைத் தாண்டக்கூடாது. மறுகைக்கு வெட்டுப்படாத கையுறை போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை. நுனியில் கல் முழுதாக வெளியே போய்விட்டால் நுனி உருண்டு மொட்டையாகிவிடும். கல்லின் பாதி அகலம் தாண்டும்போதே நிறுத்துங்கள்.

எத்தனை இழுப்பு என்று கேட்காதீர்கள். எண்ணிக்கைக்கு இங்கே வேலை இல்லை. நாம் காத்திருப்பது பிசிறுக்காக. ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க விளிம்பு மெலிந்து, கடைசியில் மறுபக்கமாக நூலிழை போல் மடங்கும். அந்தப் பிசிறு எழுந்தால் கல் விளிம்பை எட்டிவிட்டது என்று பொருள். தேய்க்காத பக்கத்தில், கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வைத்து வெளியே வழித்துவிடுங்கள். நகத்தில் ஏதோ மெல்லச் சிக்குவது போல் இருக்கும். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். பயமாக இருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியால் அதே மாதிரி வழியுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் நூல் மாட்டிக்கொள்ளும்.

வாயின் நடுப்பகுதியில் பிசிறு சீக்கிரம் வந்துவிடும். கைப்பிடி ஓரத்திலும் நுனியிலும் தாமதமாக வரும். நடுவில் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் கத்தியைத் திருப்பிவிடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. ஒரு முனை முதல் மறுமுனை வரை இடைவெளி இல்லாமல் பிசிறு வரும் வரை அதே கல், அதே பக்கம். கொஞ்சம் காது கொடுத்தால் இன்னொன்றும் தெரியும். தொடக்கத்தில் கரகரவென்று ஒலிக்கும் கல், சரிவு முழுதாகப் படிந்ததும் சீரான ஒற்றை ஓசைக்கு மாறும்.

படி 5. திருப்பிப் போட்டு அதே வேலை. இப்போது பிசிறு முதல் பக்கத்துக்கு வர வேண்டும். இது பாதி நேரத்தில் முடியும்.

படி 6. அடுத்த கல்லுக்குப் போகும் முன் கத்தியையும் கம்பியையும் துடையுங்கள். சொரசொரப்பான கல்லின் துகள் ஒன்று ஒட்டியிருந்தால் நயமான கல்லில் கீறல் விழும். கல்லின் கனம் வேறு என்றால் மார்க்கரை மறுபடி எடுங்கள். பக்கத்துக்குப் பத்துப் பத்தாகத் தொடங்கி, அப்புறம் ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றுங்கள். அழுத்தம் கிடையாது, கல்லின் எடையே போதும். முந்தைய கல்லின் கீறல் கோடுகள் மறைந்தால் இந்தக் கல்லின் வேலை முடிந்தது.

படி 7. பிசிறை எடுப்பது. வேலையின் பாதிக் கூர் இங்கேதான் இருக்கிறது. பிசிறோடு விட்டால் முதல் நாள் சவரக்கத்தி மாதிரி வெட்டும், மறுநாள் பிசிறு மடங்கி மழுங்கிவிடும். 'தீட்டினேன், ஒரு நாள்கூட நிற்கவில்லை' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கடைசிக் கல்லில் கோணத்தை ஒன்று அல்லது இரண்டு டிகிரி கூட்டி, பக்கத்துக்கு மூன்று நாலு இழுப்பு, இறகால் தடவுகிற அளவு மென்மையாக. பிறகு கிளாம்பிலிருந்து எடுத்து, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு மெழுகு தடவிய தோல்பட்டையில் பக்கத்துக்குப் பத்து முறை. தோலில் மட்டும் திசை தலைகீழ்: முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபட வேண்டும். மறந்து வாயை முன்னே தள்ளினால் தோல் இரண்டாகும்.

படி 8. சோதனை. செய்தித்தாள் போன்ற மெல்லிய தாளை ஒரு கையால் தொங்கவிட்டு, கைப்பிடி ஓரத்தில் தொடங்கி நுனி வரை ஒரே இழுப்பில் வெட்டுங்கள். எந்த இடத்தில் தாள் சிக்குகிறதோ, கிழிகிறதோ, அந்த இடத்தில் இன்னும் பிசிறோ மழுங்கலோ இருக்கிறது. கத்தியில் அந்த இடத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அங்கே மட்டும் படி 7-ஐத் திரும்பச் செய்யுங்கள். முடிந்ததும் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரும்புத் தூள் சாப்பாட்டில் போகக்கூடாது.

குச்சியிலும் உருளையிலும் இதே கதைதான்

செராமிக் குச்சியிலும் மார்க்கர் சோதனை அப்படியே செல்லும். கையைச் செங்குத்தாக வைப்பதில்தான் கவனம். இழுக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் சாய ஆசைப்படும். நுனி வந்ததும் குச்சியிலிருந்து நழுவவிடாமல், குச்சி மேல் இருக்கும்போதே நிறுத்துங்கள். குச்சி கறுத்துப்போனால் பாத்திரம் துலக்கும் பொடியும் நாரும் போட்டுத் தேய்த்தால் மறுபடி வெளுக்கும். கறுத்த குச்சி அறுக்காது.

உருளையில் அழுத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். எல்லாரும் அழுத்துவார்கள்; காந்தத்திலிருந்து கத்தி ஒரு முடியளவு நகரும், கோணம் போய்விடும். பிசிறு பார்ப்பது இங்கேயும் உண்டு. பளபளவென்ற மரக்கட்டையும் உருளையும் பிசிறை மறக்கச் செய்துவிடும், அவ்வளவுதான்.

அடுத்த முறைக்கு

கருவிப் பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு வரி: எந்தக் கத்தி, கைப்பிடியிலிருந்து கிளாம்ப் எத்தனை செ.மீ., கோணம் எத்தனை, கடைசிக் கல் எது. 'பெரிய கத்தி, 9 செ.மீ., 18, செராமிக்' என்று எழுதியிருந்தால் மார்க்கர் சோதனை ஒரே இழுப்பில் முடிந்துவிடும்.

தாளை வெட்டும்போது கத்தி வழுக்கத் தொடங்கியதும் தோல்பட்டையில் பத்து முறை. அதற்கும் அசையவில்லை என்றால் கிளாம்பில் மாட்டி, நயமான கல்லில் பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு, அதே கூடுதல் ஒன்றிரண்டு டிகிரியில். இப்படி நாலைந்து முறை போனபின் விளிம்பில் இருந்த அந்தக் குறுஞ்சரிவு அகலமாகி, வெறும் கண்ணுக்கே தனிக் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்போது மூடியில் ஒட்டிய தாளைப் பார்த்துப் பழைய கோணத்துக்கு இறங்கி, 300 அல்லது 600-இல் தொடங்கிப் படி 4-லிருந்து மறுபடி.